எந்தப் பாட்டனின் சாப்பாடு?

எகிப்தின் சக்காராவில், ஏறத்தாழ 4,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறைச் சுவர்களில், ஆட்கள் பெருவாத்துகளின் கழுத்தைப் பிடித்து உருட்டிய மாவைத் தொண்டைக்குள் திணிக்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. பிற்பாடு ரோமானியர்கள் அதே வேலைக்கு அத்திப்பழத்தைப் பயன்படுத்தினார்கள். பிரான்சில் இன்று மக்காச்சோளம். கொழுத்துப் பருத்த அந்த ஈரலுக்கு 'ஃபுவா கிரா' என்று பெயர்; கொள்ளை விலை. பறவைக்குள் போனது பெரும்பாலும் மாவும் சர்க்கரையும்தான். ஈரலில் சேர்ந்ததோ கொழுப்பு. வலசை போகும் பறவைகள் நெடும்பயணத்துக்கு முன் அளவுக்கு மீறித் தின்று ஈரலிலும் தோலடியிலும் கொழுப்பைச் சேர்த்துக்கொள்வது இயற்கை. பறக்கத் தொடங்கினால் அது எரிந்து தீர்ந்துவிடும். பண்ணைக்காரர் சேர்க்க மட்டும் வைக்கிறார். பயணத்தை ரத்து செய்துவிடுகிறார்.

நம் ஊரில் மாஸ்டர் செக்கப் போய்வரும் நடுவயதுக்காரர்களின் ஸ்கேன் அறிக்கையில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்ற வரி இப்போது சர்வசாதாரணம். "எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று மருத்துவரே சொல்லி அனுப்புவதும் உண்டு. அந்தப் பேச்சில் பாதி உண்மை. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 541 பேரை அல்ட்ராசவுண்டில் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் 32 சதவீதத்தினருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் தென்பட்டால் நோய்க் கணக்கில் சேரும். பெரும்பாலானவர்களுக்கு அது அங்கேயே நின்றுவிடுகிறது. சிலருக்குக் கொழுப்பு அழற்சியாகி, அழற்சி தழும்பாகி, தழும்பு சிரோசிஸாகிறது. குடிப்பழக்கமே இல்லாத 20 நோயாளிகளின் கல்லீரல், குடிகாரரின் கல்லீரலைப் போலவே இருந்ததைக் கண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் என்ற நோயியலாளர் இதற்குத் தனிப்பெயர் வைத்தது 1980இல். 2023இல் உலகக் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் கூடிப் பெயரை மாற்றி, வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்த்துக் கட்டிவிட்டன. மதுவை விலக்கிவிட்டால் மிச்சமிருப்பது எது என்ற கேள்விக்கு, நீரிழிவும் தொப்பையும் ட்ரைகிளிசரைடும் பிறக்கும் அதே வீடு என்று பதில் வந்துவிட்டது.

அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நோயாளிகளின் உணவிலும் இரத்தத்திலும் அடையாளமிட்ட மூலக்கூறுகளைக் கலந்து, கல்லீரலில் சேர்ந்த கொழுப்பின் பூர்வீகத்தைத் தேடினார்கள். 2005இல் வந்த கணக்கு இது: 59 சதவீதம் உடம்பின் கொழுப்புத் திசுக்களிலிருந்து இரத்தம் வழியே வந்தது, 26 சதவீதம் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கொண்டு கல்லீரலே புதிதாகத் தயாரித்தது, சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம்தான். நல்ல நிலையிலுள்ள உடம்பில் அந்த நடுப்பங்கு 5 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. ஃபேட்டி லிவர் என்றதும் முதல் வேலையாக முட்டையின் மஞ்சள் கருவை ஒதுக்கிவிட்டு, இரவில் நான்கு சப்பாத்தியும் பழச்சாறும் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும். பழச்சாற்றின் ஃப்ரக்டோஸ் பெரும்பகுதி கல்லீரலுக்குத்தான் போகிறது. குளுக்கோஸைக் கல்லீரல் தேவைக்கு ஏற்பத்தான் எடுத்துக்கொள்ளும். ஃப்ரக்டோஸுக்கு அப்படிப்பட்ட வாசற்காவல் இல்லை.

ஆதிமனிதர்போல் சாப்பிட்டால் இதெல்லாம் வராது என்ற வாதம் இந்த இடத்தில்தான் நுழைகிறது. அதை ஏளனம் செய்துவிட்டுப் போக முடியாதபடி ஒரு பழைய ஆய்வு உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் டெர்பி நகரை ஒட்டி வாழ்ந்துவந்த பழங்குடியினரில் நீரிழிவு வந்த 10 பேரைக் கெரின் ஓடே என்ற ஆய்வாளர் ஏழு வாரம் அவர்களுடைய பூர்வீகக் காட்டுக்கே அழைத்துப்போனார். கங்காரு, மீன், ஆமை, பறவை, கிழங்கு, தேன் என்று அவர்களே வேட்டையாடிச் சேகரித்து உண்டார்கள். சராசரியாக 8 கிலோ குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறத்தாழ 209இலிருந்து 119க்கு இறங்கியது. ட்ரைகிளிசரைடு 350ஐ ஒட்டியிருந்தது நூற்றுச் சொச்சத்துக்கு வந்தது. 1984இல் வெளியான இந்த ஆய்வில் கல்லீரலை யாரும் ஸ்கேன் செய்யவில்லை. ஆனால் அந்த ட்ரைகிளிசரைடைத் தயாரித்து அனுப்புவது கல்லீரல்தான். அப்புறம் கவனிக்கவேண்டிய ஒன்று: அந்த ஏழு வாரத்தில் அவர்களுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது 1,200 கலோரி அளவுதான். காடு அவ்வளவுதான் கொடுத்தது.

அதற்கு அடுத்த ஆண்டு பாய்ட் ஈட்டன் என்ற கதிரியல் மருத்துவரும் மெல்வின் கோனர் என்ற மானிடவியலாளரும் பழங்கற்கால உணவைப் பற்றி எழுதிய கட்டுரை, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. நம் மரபணு வேட்டைக்காலத்தில் வார்க்கப்பட்டது, தட்டு மட்டும் மாறிவிட்டது, அந்தப் பொருத்தமின்மையே நோய் என்பது அவர்கள் வாதம். இன்று 'பேலியோ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் உணவுமுறையின் படிப்பாளிப் பரம்பரை அங்கிருந்து தொடங்குகிறது.

கல்லீரலை நேராகவே அளந்து பார்த்தவர்கள் சுவீடனின் உமெயோ பல்கலைக்கழகத்தார். மாதவிடாய் நின்ற, உடல் பருமனான 70 பெண்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பேலியோ: இறைச்சி, மீன், முட்டை, காய், பழம், கொட்டைகள். தானியம், பருப்பு, பால், சர்க்கரை, உப்பு கிடையாது. மறு பிரிவுக்கு அரசு பரிந்துரைக்கும் வழக்கமான நார்டிக் உணவு, ரொட்டியும் கொழுப்புக் குறைந்த பாலும் உட்பட. இரண்டிலும் வயிறு நிறையச் சாப்பிடலாம். ஆறு மாதத்தில் பேலியோ பிரிவில் கல்லீரல் கொழுப்பு 64 சதவீதம் குறைந்தது, மற்றதில் 43. இரண்டு வருட முடிவில் எண்கள் 50, 49.

பேலியோ அன்பர்கள் முதல் ஜோடி எண்ணை மேற்கோள் காட்டுவார்கள். எதிர்த் தரப்பு இரண்டாவதை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் விளங்குகிறது. பேலியோ வேகமாக வேலை செய்கிறது. அதுவும், அந்தப் பிரிவில் கல்லீரல் கொழுப்புக் குறைந்தது எடை குறைந்த அளவைப் பின்தொடர்ந்து போகவில்லை. எடைக்கு அப்பாலும் ஏதோ நடந்திருக்கிறது. ஆனால் இரண்டு வருடம் ஒழுங்காகத் தின்றால் கோதுமை ரொட்டி தின்றவர்களும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். தானியமே நஞ்சு என்றால் இது நடக்கக்கூடாது. இரு தட்டுகளுக்கும் பொதுவாக இருந்தது, அல்லது பொதுவாக இல்லாமல் போனது எது என்று பார்ப்பதுதான் பயன்.

உமெயோப் பெண்கள் தின்ற பேலியோவும் தமிழ்நாட்டில் பேலியோ என்று பெயரெடுத்திருப்பதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். இங்கே பேலியோ என்றால் காலையில் 100 பாதாம், மதியம் முட்டையோ கறியோ, சைவர்களுக்குப் பனீர், நடுவில் பட்டர் டீ. பால் பொருளை விலக்குவது மூலப் பேலியோவின் அடிப்படை விதி. நம் பேலியோவோ பனீரிலும் வெண்ணெயிலும் நெய்யிலும் நிற்கிறது. மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறைக்கு ஆதிமனிதனின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனாலேயே அது பயனற்றது என்று ஆகிவிடாது. மாவுச்சத்தைக் கடுமையாக வெட்டிய கீட்டோ உணவில் ஆறே நாளில் கல்லீரல் கொழுப்பு 31 சதவீதம் குறைந்ததைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். அதே ஆய்வாளர்கள் 2018இல் செய்த இன்னொரு சோதனையையும் நம் பட்டர் டீ அன்பர்கள் படிக்கவேண்டும். மூன்று வாரம் ஒவ்வொருவருக்கும் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். தேங்காயெண்ணெய், வெண்ணெய், சீஸ் வழியாகக் கொடுத்தபோது கல்லீரல் கொழுப்பு 55 சதவீதம் ஏறியது. சர்க்கரைப் பானம், மிட்டாய் வழியாக 33. ஆலிவ் எண்ணெயும் கொட்டைகளும் என்றால் 15. ஆக, எடை குறைந்துகொண்டிருக்கும்வரை வெண்ணெய் கல்லீரலுக்குத் தீங்கு செய்வதாகத் தெரியவில்லை. எடை நின்றுபோய், வெண்ணெய் மட்டும் தொடர்ந்தால் கதை வேறு. பாதாமைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, விலையைத் தவிர.

தமிழ்நாட்டில் இன்னொரு மூதாதையும் கடைவிரித்திருக்கிறார். கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, மாப்பிள்ளைச் சம்பா, கருப்பட்டிக் காப்பி என்று வாழ்ந்த உழவர் அவர். பேலியோ பக்தருக்கும் சிறுதானிய பக்தருக்கும் ஒத்துவராது. முன்னவர் விலக்கும் தானியம்தான் பின்னவரின் மருந்து. இருவரும் பாட்டனையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். எந்தப் பாட்டன் என்பதில்தான் வழக்கு.

வேட்டையாடியும் கிழங்கு பயிரிட்டும் பழைய முறையில் வாழும் குடிகளைப் போய்ப் பார்த்தவர்களின் குறிப்புகள் இந்த வழக்கை மேலும் குழப்புகின்றன. தான்சானியாவின் ஹட்சா மக்களுக்குக் கிடைக்கும் கலோரியில் ஏறத்தாழ 15 சதவீதம் தேன். பாப்புவா நியூ கினியின் கிடாவா தீவில் 1989இல் ஆய்வுக்குப் போன ஸ்டஃபான் லிண்டெபெர்க், வள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, சேம்பு, தேங்காய், மீன் என்று தின்ற மக்களைக் கண்டார். கலோரியில் 70 சதவீதத்தை ஒட்டி மாவுச்சத்து. அவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் அரிது. பொலிவியாவின் சிமானே மக்களும் மாவுச்சத்துக்காரர்கள். இதயத் தமனிகளில் சுண்ணாம்புப் படிவு மிகக் குறைந்த சமூகம் என்று 2017இல் பதிவானவர்கள் அவர்கள். இறைச்சி தின்ற பாட்டனும் கிழங்கு தின்ற பாட்டனும் தேன் குடித்த பாட்டனும் இருந்திருக்கிறார்கள். பழங்காலத்தவர் எல்லாரும் நோயற்றவர்கள் என்பதும் கற்பனை. எகிப்து, பெரு, வட அமெரிக்காவின் தென்மேற்கு, அலூசியன் தீவுகள் ஆகிய நான்கு இடங்களின் 137 மம்மிகளைச் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது 34 சதவீதத்தில் தமனித் தடிப்பு தெரிந்தது. அலூசியன் தீவினர் வேட்டைக்காரர்கள். கல்லீரலில் கொழுப்புச் சேரும் போக்கைக் கூட்டும் பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவின் மாற்று வடிவம், மரபணு படிக்கப்பட்ட நியாண்டர்தால்கள் எல்லாரிடமும் இருந்திருக்கிறது. அவர்களுக்கு அது ஒரு தொல்லையாக இருந்திராது. கொழுப்பைச் சேர்த்துவைப்பது, அடுத்த வேளை உறுதியில்லாத உயிருக்கு வரம்.

பற்றாக்குறையும் கல்லீரலைக் கொழுக்க வைக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. 1930களில், இன்றைய கானாவில், தாய்ப்பால் மறந்து சோளக்கஞ்சியிலேயே வளர்ந்த குழந்தைகளின் வீக்க நோயைச் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் விவரித்தார். குவாஷியோர்கர் என்று உலகம் அறிந்த அந்த நோயில் குழந்தை மெலிந்திருக்கும், கல்லீரல் கொழுப்பால் வீங்கியிருக்கும். கல்லீரல் தன் கொழுப்பை இரத்தத்தில் ஏற்றி வெளியே அனுப்பப் புரதம் வேண்டும். வெறும் கஞ்சியில் அது கிடைக்காது. கூழே அமிர்தம் என்று பேசும்போது அதன்கூட இருந்த மோர், பயறு, கருவாடு ஆகியவற்றையும் சேர்த்துத்தான் பேசவேண்டும்.

சிறுதானியக் கடைகளில் விற்கும் கருப்பட்டி மைசூர்பாகு, தேன் கலந்த தினை லட்டு, நாட்டுச்சர்க்கரைப் பானகம் வகையறாக்களைப் பற்றி நயமாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதில் பாதி ஃப்ரக்டோஸ்; தேனிலும் ஏறக்குறைய அந்தக் கணக்கே. அமெரிக்காவில் கல்லீரல் கொழுப்பு இருந்த 40 பதின்வயதுப் பையன்களில் ஒரு பிரிவினரின் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து சேர்க்கைச் சர்க்கரையையும் பழச்சாற்றையும் மட்டும் எட்டு வாரம் எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17க்கு இறங்கியது. வழக்கம்போல் சாப்பிட்டவர்களுக்கு 21இலிருந்து 20. கல்லீரலுக்கு, சர்க்கரை எந்தப் பனையிலிருந்து இறங்கியது என்பது தெரியாது.

அப்படியானால் உழவர் பாட்டனின் கல்லீரலைக் காத்தது எது? அவரைப் பார்க்க முடியாது. அவரைப்போல் உடலுழைப்பில் வாழ்கிறவர்களைப் பார்க்கலாம். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டக் கிராமங்களில் 1,911 பேரைப் பரிசோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில் 8.7 சதவீதத்தினருக்கே கல்லீரல் கொழுப்பு இருந்தது. சென்னைக் கணக்கில் கால்பங்கு. ஆனால் அந்த 8.7 சதவீதத்தினர் யார் என்று பார்த்தால் நெருடுகிறது. அவர்களில் முக்கால்வாசிப் பேரின் உடல்நிறைக் குறியீடு 25க்குக் கீழ். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தொப்பையும் இல்லை. ஏழைகள், ஒல்லியானவர்கள், கல்லீரலில் கொழுப்பு.

இலங்கையில் கிடைத்த சான்று நமக்கு இன்னும் அருகில் வருகிறது. கொழும்பை அடுத்த ராகமை என்ற நகர்ப்புறப் பகுதியில் எடுத்த கணக்கில் கிட்டத்தட்ட 33 சதவீதத்தினருக்குக் கல்லீரல் கொழுப்பு. நுவரெலியா மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் 35 வயதிலிருந்து 64 வயது வரையுள்ளவர்களைப் பார்த்தபோது 18 சதவீதம். தோட்டங்களில் பெரும்பான்மையோர் மலையகத் தமிழர்கள். நாளெல்லாம் மலைச்சரிவில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்குகிறவர்கள். உழைப்பு நகரத்துக் கணக்கைப் பாதியாக்கியிருக்கிறது. ஆனாலும் இத்தனை உழைப்புக்கு 18 என்பது பெரிய எண். பீர்பூமைப்போல் இருமடங்கு. ஆய்வு உயர் இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, இடுப்பளவு என்று காரணிகளைச் சொல்கிறது. அதற்கு மேல் நான் சொல்வது என் ஊகம். லயத்து வீடுகளின் தினசரிச் சாப்பாடு கோதுமை மாவு ரொட்டி, அதுவும் தோட்ட நிர்வாகம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கொடுத்த மாவில் வேர்கொண்ட பழக்கம். கூடவே சர்க்கரை போட்ட தேநீர், பல வேளை. மீனும் முட்டையும் பயறும் கூலிக்குள் அடங்காதவை. அங்கே உழைப்பு மட்டும் மூதாதையருடையது. தட்டு காலனி ஆட்சியுடையது.

தெற்காசிய உடம்பு இதில் இன்னொரு கணக்கைச் சேர்க்கிறது. யேல் பல்கலைக்கழகத்தார் 2006இல், இளம் வயது, ஒல்லி உடம்பு என்ற அளவில் சமமான ஆண்களை ஒப்பிட்டபோது, இந்திய வம்சாவளியினரின் கல்லீரலில் வெள்ளையரைப்போல் இருமடங்கு கொழுப்பு இருந்தது. புனேயின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் பிறந்த குழந்தைகளிலேயே இதைக் கண்டார்: எடை குறைவு, தசை குறைவு, கொழுப்பு மட்டும் குறையவில்லை. தோலடியில் சேமிப்பிடம் குறைவாக உள்ள உடம்பு, மிச்சத்தைக் கல்லீரலுக்கு அனுப்பிவிடுகிறது. இந்தியச் சாப்பாட்டில் கலோரியின் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2025இல் கணக்கிட்டது. கரிசல் காட்டுக் கிராமங்களில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் நெல்லுச்சோறு பார்த்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று மூன்று வேளையும் தீட்டிய வெள்ளை அரிசியை ஏதோ ஒரு வடிவில் சாப்பிடுகிறார்கள். ரேஷன் அரிசி பட்டினியை ஒழித்தது. அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. பட்டினியோடு வெயிலில் களையெடுப்பதும் கவலை இறைப்பதும் போயின என்பது வேறு விஷயம்.

உழைப்பு கல்லீரலில் செய்வது கலோரியை எரிப்பது மட்டுமல்ல. ஹட்சா மக்கள் நாள் முழுக்கச் செலவழிக்கும் ஆற்றல், உடலளவைக் கணக்கில் எடுத்தால், மேலைநாட்டு நகரவாசியின் செலவிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை என்று ஹெர்மன் பான்ட்சர் குழு 2012இல் காட்டியது பலரை வியக்கவைத்தது. அவர்களும் நாளில் 10 மணி நேரத்தை ஒட்டி உட்கார்ந்துதான் இருக்கிறார்கள், அதில் ஒரு பகுதி குந்தியபடி. வேறுபாடு வேறெங்கோ இருக்கிறது, அதை யேல் ஆய்வகத்தின் இன்னொரு சிறு சோதனை காட்டுகிறது. இன்சுலினுக்குச் சரியாகப் பணியாத தசை கொண்ட ஒல்லி இளைஞர்களுக்கு, மாவுச்சத்து நிறைந்த உணவுக்கு முன் ஒரே ஒரு முறை 45 நிமிடம் உடற்பயிற்சி கொடுத்தார்கள். அந்தச் சாப்பாட்டிலிருந்து கல்லீரல் தயாரித்த புதுக் கொழுப்பு 30 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. வேலை செய்த தசை தன் கதவைத் திறந்து குளுக்கோஸை வாங்கிக்கொண்டது. கல்லீரலுக்கு வந்த மிச்சம் குறைந்தது. காலையில் வெறும் வயிற்றோடு வயலுக்குப் போய், வெயில் ஏறியபின் வரப்பில் உட்கார்ந்து கூழ் குடித்தவர் அறியாமலே கடைப்பிடித்த வரிசை இதுதான். கூழை மட்டும் எடுத்துவந்து, ஏசி அறையில் காலை எழுந்ததும் குடித்தால், அந்த வரிசையில் முக்கியமான பாதி விட்டுப்போகிறது. உண்ணும் நேரத்தைச் சுருக்கும் நாகரிக விரதத்தைப் பற்றியும் ஒரு வரி. சீனத்தின் குவாங்சோவில் 88 பேரிடம் செய்து பார்த்ததில், ஒரே அளவு கலோரியை 8 மணி நேரத்துக்குள் தின்றவர்களுக்கும் நேரம் பார்க்காமல் தின்றவர்களுக்கும் கல்லீரல் கொழுப்பில் வேறுபாடு இல்லை.

மூதாதையர் காணாத சிலவும் கல்லீரலுக்கு நன்மை செய்கின்றன. பிரிட்டனில் ஏறத்தாழ 5 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், காப்பி குடிப்பவர்களுக்கு நாட்பட்ட கல்லீரல் நோய் 21 சதவீதமும் அதனால் வரும் சாவு 49 சதவீதமும் குறைவாக இருந்தன. காப்பி குடித்த பழங்கற்கால மனிதர் யாரும் இல்லை. அமெரிக்காவில் 21,000க்கு மேற்பட்டோரின் உணவைப் பேலியோ ஒற்றுமைக்கு ஒரு மதிப்பெண், மத்தியதரைக்கடல் உணவுக்கு ஒரு மதிப்பெண் என்று அளந்தார்கள். பேலியோவில் அதிக மதிப்பெண் பெற்றவர்களுக்கு மரண ஆபத்து 23 சதவீதம் குறைவு; பருப்பும் முழுத்தானியமும் ஆலிவ் எண்ணெயும் சேர்ந்த மத்தியதரைக்கடல் முறையில் 37 சதவீதம்.

கியூபாவின் ஹவானாவில், கல்லீரல் அழற்சி வரை போய்விட்ட 293 பேருக்கு எந்த மூதாதையின் பெயரையும் சொல்லாமல் ஓராண்டு கலோரி குறைந்த உணவும் நடையும் பரிந்துரைத்து, ஊசி போட்டுச் சதை எடுத்து முன்பின் பார்த்தார்கள். எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதத்தினருக்கு அழற்சி முற்றிலும் மறைந்தது; 45 சதவீதத்தினருக்குத் தழும்பே பின்வாங்கியது. அந்த அளவுக்கு எடை குறைக்க முடிந்தவர்கள் பத்தில் ஒருவர்தான்.